ரெய்டு இருக்கு, பேக்கப் எதுக்கு?

ரெய்டு என்றதும் வருமான வரித்துறை ஆட்கள் வந்துவிட்டார்களோ என்று பதற வேண்டாம் :-) இது ஹார்ட் டிஸ்க் ரெய்டு. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையால் பிரபலமான பெயர். விலை குறைந்த டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து ஒன்று போல ஓட்டுவது. ஒன்று செத்தால் இன்னொன்று வேலையைத் தொடரும். அவ்வளவுதான்.

ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருப்பவரிடம் இதை எப்படி விற்கிறார்கள்? "ரெண்டு டிஸ்க் போட்டிருக்கோம் சார், டேலி டேட்டா எங்கயும் போகாது." சுத்தப் பொய்! டேலியில் தெரியாமல் ஒரு கம்பெனியை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் காலி. வைரஸ் பூட்டினாலும் அப்படியே.

மதர்போர்டோடு இலவசமாக வரும் ரெய்டு இன்னும் மோசம். எந்த டிஸ்க்குக்கு எது ஜோடி என்ற குறிப்பு பெரும்பாலும் டிஸ்க்கின் கடைசியில் ஒரு மூலையில் கிடக்கும். அதற்கான டிரைவர் இல்லையென்றால் விண்டோஸுக்கு அவை இரண்டு தனி டிஸ்க்குகள். சில ரெய்டு வகைகளில் 'இனிஷியலைஸ் செய்யட்டுமா?' என்றுகூடக் கேட்கும். சர்வீஸுக்கு வந்த பையன் ஓகே அமுக்கினால் புதிய பார்ட்டிஷன் டேபிள் ஏறிவிடும், பழையது போச்சு. பார்ட்டிஷனை நகர்த்தும் புரோகிராம் பாதியில் தொங்கினாலோ, பாதி டேட்டா பழைய இடத்தில், பாதி புதிய இடத்தில். அந்த அலங்கோலத்தையும் ரெய்டு விசுவாசமாக இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கும்!!

வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில், அந்தப் பெட்டி மேஜைக்கு அடியில் தரையில்... எந்த ரெய்டு காப்பாற்றும்?

சட்டமும் இதில் சும்மா இல்லை. விபத்தோ இயற்கைச் சீற்றமோ வந்து கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் திரும்ப எடுக்கிற மாதிரி பேக்கப் வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி விதி 57. கணக்கையோ, ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பதிவு பெற்ற கம்பெனி என்றால் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், 2022 ஆகஸ்ட் திருத்தம் அது. வருஷா வருஷம் வவுச்சரை எண்ணும் ஆடிட்டர்கள் "பேக்கப் எங்கே, ஒருமுறை திறந்து காட்டுங்க" என்று ஏன் கேட்பதில்லை?

ஒரு வெளி டிஸ்க் வாங்கி, தினம் சாயங்காலம் காப்பி எடுத்து, முதலாளி ஆவடியில் உள்ள வீட்டுக்கு எடுத்துப் போனால் போதும். அதை விற்றால் கடைக்காரருக்குக் கமிஷன் கம்மி, அதுதான் யாரும் சொல்வதில்லை.