முனிவர் பிறந்த ஊருக்கு ஒரு பிரயாணம்

“இத்தாலி தேசத்துக்குப் போய் வந்தீராமே! ரோமாபுரி எப்படி? வெனிஸ் நகரில் படகு ஏறினீரா?” என்று நம்மைக் கேட்காத நண்பர் இல்லை. இரண்டையும் பார்க்கவில்லை என்று நாம் சொன்னதும், காசிக்குப் போய்க் கங்கையில் முழுகாமல் திரும்பிய மனிதனைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டு, நாமும் நம் இல்லத்தரசியும் போனது இத்தாலியின் வடபாகத்தில் உள்ள ஒரு சிற்றூருக்கு. அதன் பெயர் காஸ்திலியோனே டெல்லே ஸ்டிவியேரே. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லப் பழகுவதற்கே நமக்கு ஒரு வாரம் பிடித்தது.

அங்கே என்ன விசேஷம் என்று நேயர்கள் கேட்கலாம். ‘சதுரகராதி’யையும் ‘தேம்பாவணி’யையும் ‘பரமார்த்த குரு கதை’யையும் இயற்றிய வீரமாமுனிவர் 1680ஆம் ஆண்டில் அவ்வூரில்தான் பிறந்தார். அப்போது அவர் பெயர் பெஸ்கி. முப்பது வயதை நெருங்கிய காலத்தில், 1710இல் இந்தியாவுக்கு வந்து, அதன் பிறகு தமிழை அரிச்சுவடியிலிருந்து கற்றுக் கொண்டவர் அவர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் உள்ள வேற்றுமையை எழுத்திலே தெளிவாக்கிக் கொடுத்த உபகாரமும் அவருடையதே. இந்த விஷயத்தை வருஷந்தோறும் நாம் வகுப்பில் சொல்லி வருகிறோம். ஒரு வருஷம் கடைசிப் பெஞ்சிப் பையன் ஒருவன் எழுந்து, “ஸார், அந்த ஊரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டு விட்டான். அந்தக் கேள்விக்கு நாம் கொடுத்த விலைதான் மேற்படி சீட்டுப் பணம்!

மிலான் நகரில் விமானத்தை விட்டு இறங்கி, மாந்துவா என்னும் ஊருக்கு ரயில் ஏறினோம். கையில் டிக்கட் இருந்தது. உட்கார இடமும் இருந்தது. ஆகவே உலகம் நல்லபடியாகவே நடக்கிறது என்று எண்ணியிருந்தோம். பரிசோதகர் வந்தார், டிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தலையை அசைத்தார். அந்நாட்டில் இத்தகைய ரயில்களுக்குக் காகித டிக்கட் வாங்கினால் மட்டும் போதாது. ஏறுமுன் ஸ்டேஷனில் உள்ள ஒரு சிறு யந்திரத்தின் வாயில் அதைச் செருகி முத்திரை பெற வேண்டும். முத்திரை இல்லாத டிக்கட் வைத்திருப்பவன் டிக்கட் இல்லாதவனுக்குச் சமானம். அபராதத்தைக் கட்டினோம். “வீட்டுக் கணக்கு எழுதி வந்தும் நோட்டை மேஜைமேல் வைக்கவில்லை என்று பிள்ளைகளைப் பெஞ்சிமேல் ஏற்றுவீர்களே, இப்போது தெரிந்ததா?” என்றாள் நம் இல்லத்தரசி. தெரிந்தது.

மாந்துவா நகரை மூன்று பக்கமும் ஏரி சூழ்ந்திருக்கிறது. மிஞ்சியோ நதியே அங்கே அகன்று ஏரியாகிறது. அந்த ஏரியில் தாமரை இருக்கிறது என்பதைக் கேட்டு வியந்தோம். 1921ஆம் ஆண்டில் கொண்டுவந்து விட்ட கீழ்நாட்டுத் தாமரையாம் அது. இப்போது ஏரியில் பெரும் பரப்பை வளைத்துக் கொண்டிருக்கிறது. பூக்கும் காலம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள். நாம் போனது மே மாதம். பள்ளிக்கூட விடுமுறையைத் தாமரை அறியுமா? இலைகளை மட்டும் பார்த்து விட்டு வந்தோம்.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்குப் பெரும் பயம் இருந்தது. காய்கறி சூப் என்று கேட்டால் மாமிசச் சாற்றில் வேகவைத்துத் தருவதும், சீஸை உறையவைப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த சரக்கைச் சேர்ப்பதும் அங்கே சர்வ சாதாரணம். இரண்டு வேளை ரொட்டியும் தக்காளியுமாகக் கழித்தோம். மூன்றாம் வேளை ஒரு சிறு போஜன சாலையில், பரங்கிக்காய்ப் பூரணம் வைத்து மாவில் மடித்து வேகவைத்த ஒரு பண்டம் இருப்பதாகச் சொன்னார்கள். மாந்துவாவின் பெயர்போன பக்ஷணம் அதுதான். பூரணத்தில் பாதாம் பிஸ்கோத்துத் தூளும், கடுகுக் காரம் ஏறிய பழப் பாகும் உண்டு. சீஸை மட்டும் விலக்க முடியுமா என்று கேட்டோம். பரிசாரகர் உள்ளே போய் விசாரித்து வந்து, மேலே தூவுவதை நிறுத்தலாம், உள்ளே இருப்பதை நிறுத்த முடியாது என்றார். நாம் தயங்கினோம். நம் இல்லத்தரசி பசியோடு இருந்தாள். “பரங்கி நாட்டில் பரங்கிக்காய்க் கொழுக்கட்டை கிடைக்கிறது, இதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம்” என்று தீர்ப்புச் சொன்னாள். வெண்ணெயில் பொரித்த ஓர் இலையின் மணத்தோடு வந்த அந்தக் கொழுக்கட்டையின் ருசி இன்னும் நாவில் இருக்கிறது.

மறுநாள் காஸ்திலியோனேவுக்குப் பஸ். பஸ்ஸுக்கு டிக்கட்டைப் புகையிலைக் கடையில் வாங்க வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். நாம் போய்ச் சேர்ந்த சமயம் நடுப்பகல், கடை சாத்தியிருந்தது. அங்கே சிற்றூர்களில் மத்தியானம் கடைக்காரர் வீட்டுக்குப் போய் நிதானமாகச் சாப்பிட்டுச் சிரமபரிகாரம் செய்துகொண்டு, மூன்றரை நாலு மணிக்குத்தான் திரும்புவார். ஒரு மரநிழலில் உட்கார்ந்து, இரண்டு பஸ்கள் போவதைப் பார்த்துக் கொண்டிருந்தோம். முதலில் கோபம் வந்தது. பிறகு, சாப்பாட்டை இவ்வளவு மதிக்கும் ஜனங்கள்மேல் கோபித்து என்ன பயன் என்று தோன்றி விட்டது.

மாலையில் சேர்ந்த காஸ்திலியோனே சிறு மேட்டின் அடிவாரத்தில் ஓட்டுக் கூரைகளும் கோவில் மணிக்கூண்டுமாக அமைதியாக இருந்தது. 1568இல் பிறந்த லூயி கொன்ஸாகா என்னும் துறவியைத்தான் அவ்வூரார் தங்கள் மகானாகக் கொண்டாடுகிறார்கள். நாம் நம் முனிவரின் தெருக்கள் என்று எண்ணி நடந்தோம். ஏலாக்குறிச்சியில் அவர் எழுப்பிய கோவிலையும், அங்கே கொளுத்தும் வெயிலையும் நினைத்துக் கொண்டோம். இந்தக் குளிர்ந்த மேட்டிலிருந்து புறப்பட்ட மனிதர், பெற்றோரையும் சொந்தப் பாஷையையும் விட்டு வந்து, மறுபடி இங்கே திரும்பவே இல்லை.

அருகில் ஸோல்பெரினோ என்னும் கிராமம் இருக்கிறது. 1859ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி, பிரெஞ்சுப் படையும் ஸார்டினியாப் படையும் ஒருபுறமும் ஆஸ்திரியப் படை மறுபுறமுமாகப் பொருத களம் அது. மாண்டவர், காயமுற்றவர், காணாமற் போனவர் சுமார் 40 ஆயிரம் பேர். காயம்பட்டவர்களை ஆயிரக் கணக்கில் காஸ்திலியோனேவுக்குக் கொண்டு வந்து கோவில்களிலும் வீடுகளிலும் கிடத்தினார்கள். அவ்வூர்ப் பெண்கள், நம்மவனா எதிரியா என்று கேளாமல், “எல்லோரும் சகோதரர்களே” என்று சொல்லித் தண்ணீர் கொடுத்துக் கட்டுப் போட்டார்கள். அங்கே வந்திருந்த ஜெனிவா வியாபாரி ஹென்றி டூனான் இதைக் கண்டு எழுதிய புத்தகத்திலிருந்துதான் செஞ்சிலுவைச் சங்கம் 1863இல் உருவாயிற்று.

வாடகை மோட்டாரில் அங்கே போய், ஆயிரத்துக்கு மேற்பட்ட மண்டையோடுகளை வரிசையாக அடுக்கியுள்ள கோவிலைப் பார்த்தோம். பார்த்தபின் இருவருக்கும் பேச்சு எழவில்லை. குன்றின்மேல் உள்ள பழைய கோபுரத்துக்கு ஏறி இறங்கும்போது, உருண்டைக் கல் பாவிய பாதையில் நம் இல்லத்தரசியின் கால் பிசகி விட்டது. ஒரு நிமிஷத்தில் கணுக்கால் வீங்கிற்று. மோட்டாரைத் திரும்ப அழைக்கலாம் என்றால், மொழிபெயர்ப்பதற்கும் வழிகேட்பதற்கும் காலையிலிருந்து உபயோகித்த கைபேசியில் மின்சாரம் தீர்ந்திருந்தது. எலும்பு முறிந்திருந்தால் என்ன செய்வது, யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நமக்கு வியர்த்து விட்டது.

எதிர் வீட்டிலிருந்து எழுபது வயது இருக்கக்கூடிய ஓர் அம்மாள் வந்தாள். நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலி வந்தது, துணியில் சுற்றிய பனிக்கட்டி வந்தது, இறுக்கமான கட்டு ஒன்று, அதன்பின் காப்பி. பணப்பையை எடுத்தோம். ஆள்காட்டி விரலை நம் முகத்துக்கு நேரே இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பையை மூடி விட்டோம்.

பிறகு யாருக்கோ டெலிபோன் செய்தாள். கால் மணியில் ஒரு மோட்டார் வந்து நின்றது. இறங்கியவர் தலைப்பாகை கட்டிய பஞ்சாபி இளைஞர்! பக்கத்து மாட்டுப் பண்ணையில் வேலையாம். இத்தாலியர் பெருமை பேசும் சீஸுக்குப் பால் கறப்பவர்களில் நம் பஞ்சாபியர் அநேகர். நொவெல்லாரா என்னும் ஊரில் 2000ஆம் ஆண்டு பெரிய குருத்வாராவும் திறந்திருக்கிறார்கள். “ஆண்ட்டிஜி, பயப்பட வேண்டாம்” என்று அவர் ஹிந்தியில் சொன்னதும், நம் இல்லத்தரசி பிரசார சபையில் பிராத்மிக், மத்யமா தேறிய ஹிந்தி முழுவதையும் அந்த ஐந்தாறு மைலில் செலவழித்தாள். வைத்தியசாலையில், முறிவு இல்லை, சுளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிரவு காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “உங்கள் முனிவர் நம் ஊருக்கு வந்து அகராதியே எழுதினார். நாம் அவர் ஊருக்கு வந்து, சுளுக்கு என்ற ஒரு வார்த்தைக்கு வழியில்லாமல் விழித்தோம்.”

இருபது வருஷம் பாடம் சொல்லியும் அவருடைய உழைப்பின் அளவு நமக்கு அன்றுதான் விளங்கிற்று. மறுநாள் திரும்பப் போய், நாம் நாலு முறை ஒத்திகை பார்த்த நன்றி வார்த்தையை அந்த அம்மாளிடம் சொன்னோம். நம் உச்சரிப்பைக் கேட்டு அவள் சிரித்தாள். நம் இல்லத்தரசி ஒரு சந்தன சோப்பை அவள் கையில் வைத்தாள். அதற்கு விரல் ஆடவில்லை.

இத்தாலி போகும் நேயர்களுக்கு இரண்டு வார்த்தை: ரயில் டிக்கட்டுக்கு முத்திரை இடுங்கள், பஸ் டிக்கட்டைக் காலையிலேயே வாங்குங்கள். மூன்றாவதாக, அந்நாட்டுப் பாஷையில் பத்துச் சொல்லாவது கற்றுக்கொண்டு போங்கள். அவற்றில் ஒன்று சுளுக்காக இருக்கட்டும்.