பேரேட்டில் ஏறாத வரவு

டிஸ்க்கில் எழுதுகையில் பிழை நேர்ந்தால் அது டிஸ்க்கின் குற்றமேயன்றி இயக்க அமைப்பின் குற்றமன்று என்றும், "எழுதியாயிற்று" என்று இயக்க அமைப்பு சொன்னபின் கவலை வேண்டியதில்லை என்றும், தவறினாலும் மறுபடி முயன்றால் சரியாகிவிடும் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் மதுரைக் கணினித் தொழிலாளரிடையே வேரூன்றியிருக்கிறது. மூன்றையும் நான் மறுக்கிறேன்.

கீழமாசி வீதி மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளை வரவைச் சிட்டையில் குறித்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் பேரேட்டில் ஏற்றுவார். லினக்ஸ் இயக்க அமைப்பும், நாம் கொடுத்ததை நினைவகத்தில் வாங்கிக்கொண்ட மாத்திரத்தில் வெற்றி என்று விடையளித்துவிட்டு, வழக்கமான அமைப்பில் சுமார் 30 விநாடி கழித்தே டிஸ்க்குக்கு அனுப்புகிறது. அந்த விடை சிட்டைக்குச் சாட்சி, பேரேட்டுக்குச் சாட்சியன்று.

மறுமுயற்சி என்பதோ இன்னும் அபாயகரமானது. பேரேட்டில் இப்போதே ஏற்றி உறுதி சொல்லும்படி கேட்கும் கட்டளைக்கு எஃப்சிங்க் என்று பெயர். பேரேட்டுத் தாள் நனைந்து மை ஊன்றாமற்போக, கணக்குப்பிள்ளை ஒருமுறை அதை முதலாளியிடம் சொல்லிவிட்டு, சிட்டையிலிருந்த வரியையும் "ஏற்றியது" என்று அடித்துவிட்டால், மறுநாள் கேட்கும்போது "பாக்கி ஏதுமில்லை" என்றுதானே சொல்வார்? எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள் செய்வது இதுவே: எழுத முடியாத நினைவகப் பக்கத்தையும் எழுதப்பட்டதாகக் குறித்துவிடுவதால், முதல் எஃப்சிங்க் பிழை சொல்லும், இரண்டாவது வெற்றி சொல்லும். பல்லாண்டுகளாக மறுமுயற்சியையே நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தார் இதை 2018-இல் உணர்ந்து, 2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பு முதல், எஃப்சிங்க் தவறினால் தரவுத்தளம் உடனே நின்று, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் தன் பதிவேட்டிலிருந்து மீண்டெழும்படி மாற்றினர்.

குற்றம் டிஸ்க்கினுடையதே என்பார்க்கு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட ஆய்வே விடை. லினக்ஸ் 2.6-இன் கோப்பு முறைமைகளையும் மூன்று முக்கிய சேமிப்பகச் சாதன இயக்கிகளையும் ஆராய்ந்து, 1153 அழைப்புகளில், அதாவது நூற்றுக்கு 13 இடங்களில், பிழைக் குறியீடு கவனிப்பாரின்றிக் கைவிடப்படுவதை அவர்கள் கண்டனர். வாசிப்புப் பிழைகளைக்காட்டிலும் எழுத்துப் பிழைகளே அதிகமாகப் புறக்கணிக்கப்பட்டன. டிஸ்க் உண்மையைச் சொன்னது; கேட்டவர் வாய் திறக்கவில்லை.

எழுதாத பக்கத்தை எழுதியதாகக் குறிப்பதேன் என்று கேட்டால், பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் எழுத முடியாத பக்கங்களை எத்தனை நாள் நினைவகத்தில் சுமப்பது என்று லினக்ஸின் கருவான கெர்னலை எழுதுவோர் வினவுவது நியாயமே. சுமக்க முடியாததை விடலாம். விட்டபின் வெற்றி என்று சொல்வதை மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

ஆதலின் நிரல் எழுதும் அன்பர்களே, எஃப்சிங்க் தரும் விடையை ஒருபோதும் வாசிக்காமல் விடாதீர்கள். தவறு என்று வந்தால் அதையே மீண்டும் அழைக்காமல், உங்கள் கையிலுள்ள மூலப்பிரதியிலிருந்து வேறொரு டிஸ்க்கில் புதிதாக எழுதுங்கள்.