பேச்சே முதல் பாடம்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று பெரியோர் கேட்பதுண்டு. சிங்கப்பூரில் பாலர் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளின் பெற்றோர் பலர் இப்பழமொழியை மனத்தில் சுமந்துகொண்டே நாள்களைக் கழிக்கின்றனர். நான்கு வயது மகளால் இன்னும் தன் பெயரை எழுத முடியவில்லையே என்று ஒருவர் கவலைப்படுகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரை எண்ணும்போது, தம் மகன் இருபதிலேயே தடுமாறுகிறானே என்று இன்னொருவர் வருந்துகிறார். தொடக்கநிலை ஒன்றில் சேரும்போது பிள்ளை பின்தங்கிவிடக்கூடாது என்பதே அவர்களின் அச்சம். அதனால், வீட்டில் பயிற்சித்தாள்கள் குவிகின்றன. துணைப்பாட வகுப்புகளும் கூடுகின்றன. அவர்களின் அக்கறை நியாயமானதே. ஆயினும், இந்த வயதில் குழந்தைக்குப் பயிற்சித்தாளைக் காட்டிலும் மிகுதியாகத் தேவைப்படுவது பெற்றோரின் பேச்சு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

குழந்தை எப்படிக் கற்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் காணலாம். ஏறத்தாழ ஒரு வயதில் முதல் சொல்லைப் பேசும் குழந்தை, இரண்டு வயதளவில் “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொற்களைச் சேர்க்கத் தொடங்குகிறது. மூன்று வயதில் “ஏன்?” என்னும் கேள்வி ஓயாமல் எழுகிறது. நான்கு, ஐந்து வயதில் அன்று நடந்ததைக் கதைபோலச் சொல்ல முடிகிறது. இவற்றை யாரும் பாடமாக நடத்துவதில்லை. ‘ஓடினேன்’, ‘பாடினேன்’ என்னும் சொற்களைக் கேட்டுப் பழகிய குழந்தை, ‘போட்டேன்’ என்பதற்குப் பதிலாகப் ‘போடினேன்’ என்று சொல்லக்கூடும். கேட்பவருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால், யாரும் சொல்லித்தராத ஓர் இலக்கண விதியை அக்குழந்தை தானாகவே கண்டுபிடித்திருக்கிறது. அப்போது அதனை அதட்டித் திருத்த வேண்டியதில்லை. “ஓ, பொம்மையைப் பெட்டிக்குள்ள போட்டியா?” என்று தாய் அன்போடு கேட்டாலே போதும். சரியான சொல் குழந்தையின் காதில் விழுகிறது, உரையாடலும் தொடர்கிறது.

கற்றல் வகுப்பறையில் மட்டும் நிகழ்வதன்று. ஈரச்சந்தைக்குக் குழந்தையை உடன் அழைத்துச் செல்லும் தந்தை, கத்திரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் என ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் சொன்னால், எல்லாப் பெயர்களும் ‘காய்’ என்றே முடிவதை ஒரு நாள் குழந்தையே கவனித்துவிடும். மாங்காய் புளிக்கும், மாம்பழம் இனிக்கும் என்று சுவைத்து அறியும்போது, பொருள்களை ஒப்பிடவும் வகைப்படுத்தவும் அது பழகுகிறது. பின்னாளில் அறிவியலுக்கும் கணிதத்திற்கும் அடிப்படையாக அமைபவை இத்திறன்களே. மின்தூக்கியில் மாடி எண்களைப் படிப்பதும், துவைத்த காலுறைகளை இணை சேர்ப்பதும், சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு தட்டு வைப்பதும் இத்தகைய பாடங்கள்தாம். “நாம் ஐந்து பேர், தட்டு நான்குதான் இருக்கிறது. இன்னும் எத்தனை வேண்டும்?” என்று பாட்டி கேட்கும்போது, தாளும் பென்சிலும் இல்லாமலேயே ஒரு கணக்கு முடிந்துவிடுகிறது.

உறவுப் பெயர்களையும் எடுத்துக்காட்டாகக் கூறலாம். வீட்டுக்கு வருவோர் அனைவரையும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்று அழைக்கும் குழந்தைக்கு இரண்டு சொற்களே கிடைக்கின்றன. அம்மாவின் தங்கை சித்தி, அப்பாவின் தங்கை அத்தை, அம்மாவின் தம்பி மாமா, அப்பாவின் தம்பி சித்தப்பா என்று பழகும் குழந்தையோ, யார் யாருக்கு என்ன உறவு என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. தான் ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவன் என்னும் உணர்வையும் அச்சொற்கள் தருகின்றன.

விளையாட்டைப் பற்றியும் பெற்றோர் சிலரிடம் தவறான எண்ணம் உள்ளது. பிள்ளை விளையாடினால் நேரம் வீணாகிறது என்று அவர்கள் நினைக்கின்றனர். சொப்புச் சாமான்களை வைத்துக் கடை நடத்தும் குழந்தை, விலை சொல்கிறது, காசு எண்ணுகிறது, தன் முறை வரும்வரை காத்திருக்கிறது, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்றும் யோசிக்கிறது. சப்பாத்தி மாவைப் பிசைவதும் மணிகளைக் கோப்பதும் விரல்களுக்கு வலுவூட்டுகின்றன. அந்த வலு வந்த பிறகு பென்சில் பிடிப்பது எளிதாகிறது. விரல்கள் தயாராகும் முன்பே பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால், எழுத்தின்மீது குழந்தைக்கு வெறுப்புத்தான் வளரும்.

இன்றைய சிங்கப்பூரில் பெற்றோரின் பேச்சுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, ஐந்தும் அதற்கு மேற்பட்ட வயதும் உடைய இந்தியர்களுள் 41.6 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசினர். 2020-ஆம் ஆண்டில் அது 59.2 விழுக்காடாக உயர்ந்தது. கல்வி அமைச்சு 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய பாலர் பள்ளிகளில் தமிழும் கற்பிக்கப்படுகிறது. சிறு வயதிலேயே இருமொழிக் கற்றலை ஊக்குவிக்க 2011-ஆம் ஆண்டில் லீ குவான் யூ இருமொழி நிதியும் தொடங்கப்பட்டது. இம்முயற்சிகள் போற்றத்தக்கவை. எனினும், வகுப்பில் ஓர் ஆசிரியரின் கவனம் பல பிள்ளைகளுக்குப் பங்கிடப்படுகிறது. வீட்டில் தமிழைக் கேட்காத குழந்தைக்கு அது பாடநேரத்தில் மட்டும் வந்துபோகும் மொழியாகிவிடும். ஏழு வயதில் அந்தக் குழந்தை தமிழைப் புதிய மொழியைப் போலத் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியிருக்கும்.

இதற்குப் பெற்றோர் சிலர் மறுப்புக் கூறுவர். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பத்தில் பேச நேரம் ஏது என்று அவர்கள் கேட்கலாம். நாள் முழுதும் உழைத்துவிட்டு வருவோரின் களைப்பு உண்மையானது. ஆனால், பேசுவதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. குளிப்பாட்டும்போதும், உணவு ஊட்டும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் பேசலாம். தங்களுக்கே தமிழ் சரளமாக வராது என்று வேறு சிலர் தயங்குகின்றனர். குழந்தையிடம் மேடைத்தமிழில் பேச வேண்டியதில்லை. வீட்டில் புழங்கும் எளிய பேச்சுத்தமிழே போதும். தெரியாத சொல்லைத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ குழந்தையோடு சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்னும் அச்சமும் தேவையற்றது. இரு மொழிகளையும் கேட்டு வளரும் குழந்தை இரண்டையும் கற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையது. ஆங்கிலத்தைக் கேட்கும் வாய்ப்பு இந்நாட்டில் எங்கும் நிறைந்துள்ளது. தமிழுக்கு அத்தகைய வாய்ப்பை வீடுதான் உருவாக்கித்தர வேண்டும்.

களைப்பின் காரணமாகத் திறன்பேசியைக் குழந்தையின் கையில் கொடுப்பதும் வழக்கமாகிவருகிறது. தமிழ்ப் பாடல்களைத்தானே பார்க்கிறது என்று பெற்றோர் ஆறுதல் அடைகின்றனர். இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை முன் அமர்ந்திருக்கக்கூடாது என்றும், அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. திரை பேசும், ஆனால், குழந்தை திருப்பிக் கேட்கும் “ஏன்?” என்ற கேள்வி அதன் காதில் விழாது. அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல ஒரு மனிதர் அருகில் இருக்க வேண்டும்.

இவ்வாறு கூறுவதால், எழுத்தும் எண்ணும் வேண்டாம் என்று பொருளாகாது. குழந்தை ஆர்வம் காட்டும்போது அவற்றையும் கற்பிக்கலாம். ஒவ்வொரு குழந்தையும் தனக்கே உரிய வேகத்தில் வளர்கிறது. அதன் வளர்ச்சியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதால் பயனில்லை. பிறந்தபோது மருத்துவமனையில் வழங்கப்பட்ட சுகாதாரக் குறிப்பேட்டில் எந்த வயதில் என்னென்ன திறன்களை எதிர்பார்க்கலாம் என்ற விவரங்கள் உள்ளன. பேச்சிலோ செவித்திறனிலோ ஐயம் ஏற்பட்டால், மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

ஐந்தில் வளைய வேண்டும் என்னும் பழமொழியை வலிந்து வளைப்பதற்கான அனுமதியாகக் கொள்ளக்கூடாது. இளங்கொம்பை முரட்டுத்தனமாக வளைத்தால் அது முறிந்துவிடும். பந்தலில் கொடியைப் படரவிடுவோர் நாள்தோறும் அதைச் சிறிது சிறிதாகத் திருப்பிவிடுகின்றனர். அந்தப் பொறுமைதான் பாலர் பருவத்துக் கல்விக்கும் வேண்டும்.

இப்பொறுப்பு பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. தம்பி தங்கையர் உள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. நூலகத்திலிருந்து ஒரு தமிழ்ப் படக்கதைப் புத்தகத்தை எடுத்து வந்து, இரவு உறங்கும் முன் பத்து நிமிடம் தம்பிக்குப் படித்துக் காட்ட ஓர் அக்காளால் முடியும். கதையின் நடுவே அவன் பத்துக் கேள்விகள் கேட்பான். கதை அன்று முடியாமல் போகலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது; அந்தக் கேள்விகளுக்குத் தமிழில் விடை சொல்வதே அவனுக்குக் கிடைக்கும் நல்ல பாடம்.