வேலிக்கு வெளியே நீளும் இசைவு

இங்கிலாந்தில் ஒரு பெரிய எரிவாயு முனையமோ ஹைட்ரஜன் ஆலையோ வரவிருக்கிறது என்றால், ஊர்க்கூட்டங்களில் எழும் பேச்சு பெரும்பாலும் லாரிப் போக்குவரத்து, இரைச்சல், வேலைவாய்ப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. அங்கே குடியேறி வாழும் நம் குடும்பங்களிலும் அப்படித்தான். அவ்வளாகத்தில் எந்தப் பொருள், எத்தனை டன் வைக்கப்படும் என்று கேட்போர் சிலரே.

அக்கேள்விக்கென்றே அந்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. 1974 ஜூன் 1 அன்று ஃபிளிக்ஸ்பரோ இரசாயன ஆலையில் கசிந்த சைக்ளோஹெக்சேன் வெடித்து 28 பேர் மாண்டனர். அன்று சனிக்கிழமை; வேலைநாளாக இருந்திருந்தால் இழப்பு எங்கே போய் நின்றிருக்குமோ! அத்தகைய விபத்துகள் தந்த படிப்பினையின் வழியில் வந்தது 1990ஆம் ஆண்டுச் சட்டம். குளோரின் 10 டன், ஹைட்ரஜன் 2 டன் என வரையறுத்த அளவை எட்டினால் கட்டட அனுமதி மட்டும் போதாது. அபாயப் பொருள் இசைவையும் பெறவேண்டும்.

பெருந்திட்டங்களுக்கு 2008ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. அமைச்சர் திட்டத்துக்கு ஒப்புதல் ஆணை பிறப்பிக்கும்போதே, அபாயப் பொருள் இசைவும் வழங்கப்பட்டதாகக் கருதப்படும் எனப் பணிக்கலாம். எல்லாம் ஒரே மேசையில் முடிவதை நாம் குறை கூறவில்லை. மலைபோல் குவியும் ஆவணங்களுக்கிடையே உயிர் தொடர்பான வினா ஒரு துணைப் பத்தியாகச் சுருங்கிவிடலாகாது என்பதே நம் கவலை.

ஏனெனில் இசைவின் விளைவு ஆலை வேலியோடு நிற்பதில்லை. அதை வைத்தே பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு நிர்வாகம் உள், நடு, வெளி என மூன்று வளையங்களை வரைகிறது. பின்னாளில் அவ்வளையத்துக்குள் பள்ளிக்கூடமோ முதியோர் இல்லமோ மஸ்ஜிதோ எழுப்ப நாடினால், அது குறுக்கே நிற்கக்கூடும். வளையம் வரையப்படுவதும் இசைவில் எழுதப்பட்ட அளவுக்கே. கொட்டிலில் உண்மையில் இருக்கும் அளவுக்கன்று. தேவைக்கு மிஞ்சிக் கேட்டுப் பெற்ற ஒவ்வொரு டன்னுக்கும் அண்டை வீட்டார் விலை கொடுக்கிறார்கள்.

பிறகு திருத்திக்கொள்ளலாம் என எண்ணுவோர் வுல்வர்ஹாம்ப்டன் வழக்கைப் பார்க்கட்டும். எல்பிஜி கிடங்குக்கு அருகே மாணவர் விடுதிகள் கட்ட நகராட்சி அனுமதி அளித்தது. அந்த அனுமதியை விலக்கிக்கொள்ளுமாறு பாதுகாப்பு நிர்வாகம் வாதாடியது. விலக்கினால் கொடுக்க நேரும் இழப்பீட்டுத் தொகையையும் நகராட்சி கணக்கில் கொள்ளலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுத்ததைத் திரும்பப் பெறுவதற்கு முன் பணப்பையைப் பார்க்கவேண்டிய நிலை!

நன்மையைத் தேடுவதற்கு முன் தீங்கைத் தடுப்பது முந்தியது என்பது நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்த விதி. அவ்விதியைச் செயற்படுத்தும் காலம் பரிசீலனைக் காலமே. அது வழக்கமாக ஆறு மாதங்களில் முடிந்துவிடும். கருத்துரைக்க விரும்புவோர் அதற்கு முன்பே தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மஹல்லா நிர்வாகிகள் ஒருவரை அமர்த்தி, பொருள் பட்டியலையும் வளைய வரைபடத்தையும் கேட்டுப் பெறட்டும். எழுதப்பட்ட அளவு உண்மையில் தேவைதானா என்பதற்கு எழுத்து வடிவில் விடை கோரட்டும்.