ஆர்க்டிக்: கரடி இருப்பது வானத்தில்

‘ஆர்க்டிக் என்றால் கரடி உள்ள இடம், அண்டார்டிக் என்றால் கரடி இல்லாத இடம்.’ வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் துணுக்கைப் பிள்ளைகள் பொது அறிவாக மனப்பாடம் செய்கிறார்கள். கிரேக்க மொழியில் ‘ஆர்க்டோஸ்’ என்றால் கரடி என்பது உண்மை. பனிக்கரடி வடக்கே உண்டு, தெற்கே கிடையாது என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் போட்ட முடிச்சுதான் தவறு.

முதல் கூற்று: பனிக்கரடியால் வந்த பெயர்.

கிரேக்கர் சொன்ன கரடி பனியில் நடப்பதன்று, வானில் சுழல்வது. நாம் சப்தரிஷி மண்டலம் என்னும் ஏழு விண்மீன்கள் அவர்கள் கண்ட பெருங்கரடியின் உடலும் வாலும் ஆகும். மணமக்களுக்கு நாம் காட்டும் அருந்ததி அந்த வாலில்தான் இருக்கிறது. பல விண்மீன்கள் மேற்கே கடலில் இறங்கி மறைய, கரடியோ மறையாமல் வடக்கிலேயே சுற்றி வந்தது. அது கடலில் நீராடுவதில்லை என்று ஹோமர் இலியட்டிலேயே சொல்லிவிட்டார். அந்தக் கரடியின் திசையைச் சேர்ந்ததுதான் ‘ஆர்க்டிகோஸ்’, அதாவது வடக்கத்தியது. கிரேக்கர் தம் மலைகளில் கண்டதோ பழுப்புக் கரடி. ‘உர்சஸ் ஆர்க்டோஸ்’ என்ற அறிவியல் பெயரும் அதற்கே உரியது. பனிக்கரடிக்கு 1774இல் கிடைத்த பெயர் ‘உர்சஸ் மாரிடிமஸ்’, கடற்கரடி.

இரண்டாம் கூற்று: அண்டார்டிக் என்றால் கரடி இல்லாதது.

இது இலக்கணப் பிழை. ‘இல்லாத’ என்பதற்குக் கிரேக்க முன்னொட்டு ‘அன்’. பெயரில்லாதவரைக் குறிக்கும் ‘அனானிமஸ்’ அப்படி வந்தது. அண்டார்டிக்கில் இருப்பது ‘ஆன்டி’. ஆன்டிசெப்டிக், ஆன்டிபயாடிக் ஆகியவற்றில் உள்ள அதே ‘எதிர்’. ஆக, அண்டார்டிக் என்றால் ஆர்க்டிக்குக்கு எதிர்ப்புறம் உள்ளது. இந்தச் சொல் சுமார் 2,000 ஆண்டுகளாக வழக்கில் உள்ளது. அண்டார்டிகா நிலப்பரப்பு மனிதர் கண்ணில் பட்டதாக வரலாறு பதிவு செய்வதோ 1820இல். அங்கே கரடி உண்டா இல்லையா என்று பார்த்துப் பெயர் வைக்க யார் போனார்கள்?

நம் ‘தென்துருவம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். துருவ நட்சத்திரம் அங்கே தெரியாது. அதற்காகத் தென்துருவம் என்றால் ‘துருவ நட்சத்திரம் இல்லாத இடம்’ என்று நாம் பொருள் சொல்வதில்லையே.

மூன்றாம் கூற்று: ஆர்க்டிக் என்றால் கடுங்குளிர்.

‘ஆர்க்டிக் குளிர்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவது ஏற்கப்பட்ட வழக்கு. அந்தப் பொருளில் சிறிய எழுத்தில் தொடங்குவார்கள், இடத்தைக் குறித்தால் பெரிய எழுத்தில். ஆனால் அது பின்னால் கிளைத்த பொருள். ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் சைபீரிய ஊரான வெர்கோயான்ஸ்கில் 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது. அன்றும் அந்த ஊர் ஆர்க்டிக்தான். அந்தச் சொல் இடத்தைச் சொல்கிறது, தட்பவெப்பத்தை அல்ல.

நான்காம் கூற்று: ‘க்’ விட்டு ‘ஆர்டிக்’ என்பது கொச்சை.

ஆங்கிலத்தில் ‘க்’ இல்லாத வடிவமே மூத்தது. பிரெஞ்சு வழியாக வந்த சொல்லை ஆங்கிலக் கவிஞர் சாசர் 1391இல் ‘ஆர்டிக்’ என்றே எழுதினார். லத்தீன் மூலத்தைப் பார்த்து ‘க்’ பின்னர் செருகப்பட்டது. இன்று அகராதிகள் இரண்டு உச்சரிப்பையும் தருகின்றன. ஆர்க்டிக்கில் ‘க்’ வைத்து அண்டார்டிகாவில் பெரும்பாலும் விட்டுவிடும் நாம், யாரையும் கொச்சை என்று திருத்த வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரை மாத இரவொன்றில் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். சப்தரிஷிகளில் வாலுக்கு எதிர்க் கோடியில் உள்ள இரண்டு மீன்களை இணைத்துக் கோட்டை வடக்கே நீட்டினால், அடிவானத்துக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் நிற்கும். அது சிறுகரடியின் வால்நுனி. கிரேக்கர் கரடியைப் பார்த்து ‘ஆர்க்டிக்’ என்றார்கள். நாம் அந்த மீனைப் பார்த்துத் ‘துருவம்’ என்கிறோம். இரண்டு சொற்களும் ஒரே வானத்தில் பிறந்தவை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டு அறியட்டும்.