ஓரியன் யார் வீட்டுச் சொல்?

பால கங்காதர திலகரின் 'ஓரியன்' 1893இல் பம்பாயில் அச்சேறியது. வேதங்களின் காலத்தை வான்கணிதம் கொண்டு கி.மு. 4000 அளவுக்கு முன்தள்ள முயன்ற நூல் அது. கிரேக்கரின் 'ஓரியன்' என்னும் விண்மீன் கூட்டப் பெயர் வடமொழி 'ஆக்ரயண' என்பதன் திரிபே என்றும் அதில் அவர் வாதிட்டார். இன்று 'ஆக்ரயண' இருந்த இடத்தில் ஏதேனும் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்து, தாராவி முதல் செம்பூர் வரை கைப்பேசிகளில் பதிவுகள் உலவுகின்றன. மொழி மாறியிருக்கிறது, பிழை மாறவில்லை.

ஒலி ஒப்புமை மட்டும் சான்றாகாது. அப்பெயரின் பழைய வடிவமான 'ஓஅரியோன்' பிந்தாரின் பாடல்களிலேயே உண்டு. எனவே ஒப்பிட வேண்டியது அவ்வடிவத்தோடுதான். 'ஆக்ரயண'விலுள்ள ககரம் எங்கே போயிற்று? வடமொழி 'அஜ்ர'வுக்கு உறவான கிரேக்க 'அக்ரோஸ்' (வயல்) அவ்வொலியைக் காத்து நிற்கிறதே!

பெயரின் மூலம் கிரேக்கருக்கே தெளிவாக இல்லை. சிறுநீரைக் குறிக்கும் 'ஊரோன்' என்னும் சொல்லோடு அதை இணைத்து அவர்கள் ஒரு பிறப்புக்கதை கட்டினர். ஓவிட் அதை இலத்தீனில் பாடினார். சொல்லுக்கேற்பக் கதை புனையும் நோய் அங்கும் இருந்தது. இலத்தீனுக்கு 'யுகுலா' என்ற சொந்தப் பெயர் உண்டு. பிளாட்டஸின் நாடகத்தில் அது வருகிறது. பின்னர் கிரேக்கப் பெயரே நிலைத்தது. அதனால் இலத்தீன் சிறுத்துவிடவில்லை.

தமிழும் அவ்வாறே. அதே விண்மீன் கூட்டத்திலுள்ள செம்மீனைக் குறிக்கும் 'ஆதிரை', வடமொழி 'ஆர்த்ரா'வின் தமிழ் வடிவம். ஆயினும் ஆதிரை விழாவைப் பரிபாடல் அறியும். மார்கழியில் மாட்டுங்கா வீடுகளில் இன்றும் திருவாதிரைக் களி கிண்டப்படுகிறது. சொல் கடன், வழக்கமோ தமிழருடையது.

காலனிய அறிஞர் பலர் தமிழைத் தாழ்த்தினர், அதற்கு இது மறுமொழி என்பர் சிலர். தாழ்த்தியது உண்மை. ஆனால் யவனர் தொடர்புக்குப் பொய்ச்சான்று எதற்கு? முசிறியைப் பெயர் சொல்லிக் குறிக்கும் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் இருக்கிறது. தாராவித் தமிழ்ப் பள்ளி மாணவி அப்பதிவுகளை நம்பிக் கல்லூரிக்குப் போவாள். முதல் வினாவிலேயே அவை உடையும். அன்று அவள் முசிறியையும் சேர்த்தே ஐயுறுவாள். அந்த இழப்புக்குப் பதிவைப் பகிர்ந்தவரே பொறுப்பு.