மருந்தடிப்போரின் உடம்புக்கும் மதிப்பு உண்டு

களைக்கொல்லி மருந்து பட்ட இடத்தில் புல் கருகுவதை எல்லாரும் காண்கிறார்கள். அந்த மருந்தை அடிப்பவரின் நகம் கருத்து உதிர்வதையும், மூக்கில் இரத்தம் கசிவதையும், கண் எரிவதையும் காண்போர் சிலரே. நம் தோட்டங்களில் மருந்தடிப்பது நெடுங்காலம் பெண்களின் வேலையாகவும், அதிலும் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் வேலையாகவும் இருந்து வந்தது. இன்று அவர்களோடு இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரும் அதே பம்பைச் சுமக்கிறார்கள். சுமக்கும் முதுகு மாறலாம். விஷம் ஆள் பார்த்துத் தீண்டுவதில்லை.

பாராகுவாட் என்னும் மருந்தின் வரலாற்றை நம் தோழர்கள் மறக்கலாகாது. உடம்பினுள் சென்றால் நுரையீரலைக் கெடுக்கும் விஷம் அது. அதற்கு முறிவு மருந்து கிடையாது. சுவீடன் நாடு 1983இலேயே அதைத் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் 2002இல் தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கமும் மருந்தடிக்கும் பெண்களை நேரில் கண்டு, அவர்களுடைய நோய்களை ஏட்டில் பதிந்து, உலகறிய வெளியிட்டன. அதே ஆண்டில் அரசாங்கம் அந்த மருந்தைத் தடை செய்ய முடிவு செய்தது. விலை மலிவு, களை விரைவில் சாகிறது என்ற வாதங்கள் எழுந்தன; 2006இல் தடை தளர்ந்தது. மறு ஆண்டே, 2007 ஜூலையில், ஐரோப்பிய நீதிமன்றம் அங்கு அந்த மருந்துக்கு அளிக்கப்பட்டிருந்த அனுமதியை ரத்துச் செய்தது. நம் நாட்டில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் நாளில்தான்.

சுவீடனுக்கும் நமக்கும் இடையே 37 ஆண்டுகள். ஐரோப்பியரின் நுரையீரலுக்கு ஆகாதது நம் பெண்களின் நுரையீரலுக்கு ஆகுமென்று எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் நடைமுறை அப்படித்தான் இருந்தது. ஏழை, பெண், சிறுபான்மை இனம், தோட்டத்து வாசி என்ற நான்கும் ஒரே ஆளிடம் சேரும்போது அவருடைய நோய்க்குக் காது கொடுப்போர் குறைகின்றனர். இன நீதி என்று நாம் பேசுவது இதைத்தான். மேடையில் முழங்கும் சொல்லாக மட்டும் அது இருந்தால் போதாது. பிரட்டுக் களத்தில் யார் கையில் எந்த வேலை திணிக்கப்படுகிறது என்பதிலும் அது காணப்பட வேண்டும்.

இந்த வெற்றி எப்படி வந்தது என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். ஒரு தோட்டத்தில் ஒரு பெண் தலை சுற்றி விழுந்தால், “அவளுக்கு உடம்பு பலவீனம்” என்று சொல்லி இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். பத்துத் தோட்டங்களில் ஒரே வேலை செய்யும் பெண்களுக்கு ஒரே விதமான நோய் என்று ஏட்டில் எழுதி வைத்தால், அதைப் பலவீனம் என்று தள்ள எவராலும் முடியாது. தனி மனிதரின் முறையீடு வதந்தி. வட்டாரத்தின் முறையீடு சாட்சி.

வெளிநாட்டுத் தொழிலாளரை இதில் ஒதுக்கி வைப்பது அறியாமை. தெனாகானித்தாவை நிறுவிய ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார், தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பட்ட துன்பத்தை 1995இல் எழுதியதற்காக வழக்கைச் சந்தித்து, 2003இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, 2008இல் விடுதலை பெற்றார். நம் பெண்களுக்காக வாதாடியவரும் அவர்களுக்காக வாதாடியவரும் ஒருவரே. சொக்சோ திட்டத்திலிருந்து 1993இல் விலக்கப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர், 2019 ஜனவரி முதல் வேலை விபத்துப் பாதுகாப்புக்காக அதில் மீண்டும் சேர்க்கப்பட்டனர். இது நமக்கும் நன்மையே. பயந்து வாய் மூடும் ஒருவருக்குப் பாதுகாப்பின்றி விஷத்தைக் கொடுக்க முடியுமானால், வாய் திறக்கும் நமக்கு மட்டும் கையுறை வாங்கித் தர நிர்வாகம் முன்வருமா?

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. அபாய இரசாயனங்கள் பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகள், ஆபத்தை மதிப்பிடுவதும் தொழிலாளருக்கு விளக்கிப் பயிற்சி அளிப்பதும் முதலாளியின் கடமை என்கின்றன. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும். உடனடி ஆபத்தைத் தெரிவித்தும் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கத் தவறினால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் 2024 ஜூன் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. பாராகுவாட் போய்விட்டது என்று கை கட்டி இருக்கலாகாது; அதன் இடத்தில் வேறு மருந்துகள் வந்துள்ளன. பெயர் புதிது என்பதால் விஷம் இல்லை என்று ஆகிவிடாது.

ஆகவே ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டுமென வற்புறுத்துகிறோம். யார், எந்த நாளில், எந்த மருந்தை அடித்தார், என்ன நோய் கண்டது என்று அதில் எழுதுக. கிராணிமார் டின்னில் உள்ள எழுத்தைப் படித்து, மருந்தடிப்போருக்கு அவரவர் மொழியில் விளக்குவது பெரிய தொண்டாகும். மரம் வெட்டும் தோழர்கள், தம் நிரையில் மருந்தடித்த நாளைக் கேட்டறிய வேண்டும். மாதம் ஒரு முறை அண்டைத் தோட்டங்களும், அதே ஆற்று நீரைப் பயன்படுத்தும் கம்பத்து மக்களும், வட்டாரச் சுகாதார நிலையத்தாரும் கூடி இந்த ஏடுகளை ஒத்துப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் இவ்வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது அக்கூட்டத்தின் முதல் கோரிக்கையாகட்டும்.

கூலி உயர்வுக்காகக் கூடத் தெரிந்த நமக்கு, மூச்சுக்காகக் கூடவும் தெரிய வேண்டும். உடம்பு கெட்ட பின் வரும் சம்பளம் மருந்துக் கடைக்கே போய்ச் சேரும்.